இறக்குமதிக் கோப்பில் நெடுவரிசைப் பெயர் மாறிவிட்டால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வெளியிலிருந்து வரும் தரவுக் கோப்புகளைக் குறித்த இடைவெளியில் இறக்குமதி செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் கோளாறு ஒன்று உண்டு: நேற்றுவரை சரியாக ஓடிய வேலை, எவரும் நிரலைத் தொடாத நிலையிலும் இன்று நின்றுவிடுகிறது, அல்லது நிற்காமல் தவறாக ஓடுகிறது. பெரும்பாலும் காரணம் நெடுவரிசைப் பெயர்கள் உள்ள தலைப்பு வரியில் இருக்கிறது. இவ்விரண்டில் நின்றுபோன வேலை எளிது. நிற்காமல் தவறாக ஓடியதுதான் ஆபத்து. ஆகவே பிழைச் செய்தி எதுவும் வராதவர்கள் 3, 4 ஆம் அறிகுறிகளிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.

## எதையும் தொடுவதற்கு முன்

வந்த கோப்பின் நகல் ஒன்றை எந்த மென்பொருளிலும் திறக்காமல் தனியே எடுத்து வையுங்கள். சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளி போன்ற குறியால் பிரித்த உரைக் கோப்பு) எக்செலில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள பூச்சியங்கள் போய்விடும், 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களின் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகும், தேதிகளின் வடிவம் மாறும். பிறகு அனுப்பியவரின் பிழை எது, நம் பிழை எது என்று பிரிக்க முடியாது. பார்வையிட வேண்டுமானால் நோட்பேட் போன்ற எளிய உரைத் திருத்தியில் திறக்க வேண்டும்.

அடுத்து, கடைசியாகச் சரியாக ஓடிய கோப்பைத் தேடி எடுத்து, இரண்டின் தலைப்பு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இந்த ஒரு செயலிலேயே பல கோளாறுகள் வெளிப்பட்டுவிடும். பழைய கோப்புகளை அழித்துவிடும் வழக்கம் உள்ளவர்கள் தலைப்பு வரியையாவது ஒவ்வொரு முறையும் பதிந்து வைக்க வேண்டும்.

## அறிகுறி 1: "நெடுவரிசை இல்லை" என்று நின்றுவிடுகிறது, ஆனால் கண்ணுக்கு அது தெரிகிறது

பைத்தான் நிரல்மொழியில் இது 'கீ எரர்' என்று வரும். வேறு கருவிகளில் வேறு சொற்களில் வரும். எத்தனை நெடுவரிசைகள் காணவில்லை, அவை எங்கே இருப்பவை என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### முதல் நெடுவரிசை மட்டும் காணவில்லை

கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் எனப்படும் மூன்று பைட் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்வதால் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தாமல் போகும். மற்றவை ஒழுங்காக இருக்கும். எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் சேமித்தாலே இது சேர்ந்துவிடும். எனவே அனுப்புபவர் சேமிக்கும் வகையை மாற்றியதே பல நேரங்களில் முழுக் காரணமாக இருக்கும். நோட்பேட்++ திருத்தியின் கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தின் பெயரோடு பிஓஎம் என்றும் காட்டினால் சந்தேகம் உறுதியாகிறது. பைத்தானின் சிஎஸ்வி தொகுதி வழியாகப் படிப்பவர்கள் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் போதும். பிஓஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சரியாகப் படிக்கும்.

### நடுவில் ஒன்றிரண்டு மட்டும் காணவில்லை

முதலில் பெயரின் நீளத்தை அளந்து பாருங்கள். எக்செலில் 'லென்' சார்பு எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும். ஆங்கிலத் தலைப்பில் கண்ணுக்குத் தெரிவதைவிட எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டியிருக்கிறது என்று பொருள். 'யூனிகோட்' சார்பினால் கடைசி எழுத்தின் குறியெண்ணைப் பார்த்தால் அது எது என்பதும் தெரிந்துவிடும்.

குறியெண் 32 என்றால் சாதாரண இடைவெளி. 'டிரிம்' சார்பு நீக்கிவிடும். 160 என்றால் வரி உடையாத இடைவெளி. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த தலைப்புகளில் இது அடிக்கடி வரும். இதை 'டிரிம்' நீக்காது, 'கிளீன்' சார்பும் நீக்காது. 'சப்ஸ்டிடியூட்' கொண்டு 160ஐ 32ஆக மாற்றிய பிறகே 'டிரிம்' பயன்படும். 10 என்றால் தலைப்புக் கட்டத்துக்குள்ளேயே வரி முறிக்கப்பட்டிருக்கிறது. 8203 என்றால் அகலமே இல்லாத இடைவெளி. பைத்தானின் 'ஸ்ட்ரிப்' 160ஐ நீக்கும், 8203ஐ நீக்காது; "ஸ்ட்ரிப் போட்டும் சரியாகவில்லை" என்று வருபவர்களில் பலர் சிக்கியிருப்பது இதில்தான். பைத்தானில் பெயர்களைச் சும்மா அச்சிடாமல் 'ரெப்ர்' வடிவில் அச்சிட்டால் இந்த எழுத்துகள் எல்லாம் குறியெண்ணாக வெளியே வந்துவிடும்.

நீளம் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், ஆங்கிலத் தலைப்புகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடோ புள்ளியோ வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ், எக்செலுக்குள் தரவை இறக்குமதி செய்யும் கருவியான பவர் கொயரி இரண்டுமே பெரிய சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்ப்பவை. ஆர் மொழியின் 'ரீட்.சிஎஸ்வி' கேட்காமலேயே இடைவெளிகளைப் புள்ளிகளாக மாற்றிவிடும். ஆகவே கோப்பில் உள்ள பெயரும் நிரலில் உள்ள பெயரும் வேறாக இருப்பது அங்கே கோளாறே அன்று.

### தலைப்பு தமிழில் இருக்கிறது

யூனிகோடில் 'தொகை' என்பதை இரண்டு வகையாக எழுத முடியும். உயிர்க்குறிகளும் தனியே எண்ணப்படுவதால், ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாக இட்டால் சொல்லின் நீளம் 4. எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே இட்டால் நீளம் 5. திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. அனுப்புபவர் விசைப்பலகையையோ எழுத்துரு மாற்றியையோ மாற்றினால் இது நேரும். பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' சார்பை என்எஃப்சி வடிவத்தோடு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் சீர்வடிவம்) இரு பக்கப் பெயர்களுக்கும் இட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஔகாரம் வரும் சொற்களுக்கு அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். 'பௌதிக இருப்பு' என்பதை எகரக் குறியோடு ளகர எழுத்தைச் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தால், அது யூனிகோட் பார்வையில் வேறு சொல்லே. என்எஃப்சி அதைத் தொடாது. அத்தகைய பெயர்களை மாற்றுப்பெயர்ப் பட்டியலில் கையால்தான் சேர்க்க வேண்டும். பட்டியல் அமைக்கும் முறை பின்னால் வருகிறது.

### எல்லா நெடுவரிசைகளும் காணவில்லை

பெயர்கள் மாறியிருக்காது; படிக்கும் இடம் மாறியிருக்கும். கோப்பில் ஒரே ஒரு நெடுவரிசைதான் இருப்பதாகக் கருவி சொன்னால், பிரிப்புக் குறி காற்புள்ளியிலிருந்து அரைப்புள்ளிக்கோ தாவல் குறிக்கோ மாறியிருக்கிறது. பதின்மக் குறியாகக் காற்புள்ளியைப் பயன்படுத்தும் வட்டார அமைப்பு உள்ள கணினியில் எக்செல் சிஎஸ்வியை அரைப்புள்ளியிட்டே எழுதும். அனுப்புபவரின் கணினி மாறினாலே இது போதும். நெடுவரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருந்து பெயர்கள் மட்டும் 'அன்நேம்ட்: 0', 'அன்நேம்ட்: 1' என்று பாண்டாஸில் வந்தால், தலைப்பு வரிக்கு மேலே அறிக்கைப் பெயரோ தேதியோ வெற்று வரியோ புகுந்திருக்கிறது. எத்தனை வரிகளைத் தாண்ட வேண்டும் என்று எண்ணைப் பதித்து வைப்பதைவிட, கட்டாயம் இருக்க வேண்டிய இரண்டு மூன்று பெயர்கள் ஒரே வரியில் எங்கே வருகின்றன என்று முதல் இருபது வரிகளுக்குள் தேடி, அதையே தலைப்பு வரியாகக் கொள்வது நீடித்து நிற்கும்.

### பெயர் உண்மையிலேயே மாறியிருக்கிறது

மேற்சொன்ன எதுவும் இல்லை என்றால், அனுப்பியவர் பெயரை மாற்றிவிட்டார் என்று பொருள். இங்கே அவசரப்பட்டுப் புதுப் பெயரைப் பழைய பெயரோடு இணைத்துவிடக் கூடாது. 'விலை' என்பது 'அலகு விலை' ஆனது வெறும் பெயர் மாற்றமாக இருக்கலாம். 'வரியுடன் விலை' ஆகியிருந்தால் பொருளே மாறிவிட்டது. இரண்டு கோப்புகளிலும் பொதுவாக உள்ள சில பதிவுகளை எடுத்து அந்த நெடுவரிசையின் மதிப்புகள் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப் போனாலும் அனுப்பியவரிடம் ஒரு வரியில் எழுத்து மூலம் உறுதி பெறுவது நல்லது. எழுத்து ஒற்றுமையைக் கொண்டு தானே பொருத்திக்கொள்ளும் நுட்பங்கள் உண்டு. பரிந்துரை தர அவற்றைப் பயன்படுத்தலாம், முடிவெடுக்க விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 'தொடக்கத் தேதி', 'அடக்கத் தேதி' என்ற இரண்டும் எழுத்தளவில் எவ்வளவு நெருக்கமானவை என்று எண்ணிப் பாருங்கள்.

## அறிகுறி 2: பவர் கொயரியில் புதுப்பித்தல் பாதியில் நிற்கிறது

பிழைச் செய்தி 'எக்ஸ்பிரெஷன்.எரர்' என்று தொடங்கி, இன்ன நெடுவரிசை அட்டவணையில் இல்லை என்று முடியும். பெரும்பாலும் நிற்பது நீங்கள் எழுதாத ஒரு படியில்தான். தலைப்பை மேலேற்றும் 'புரமோட்டட் ஹெடர்ஸ்' படிக்கு அடுத்து, 'சேஞ்ச்ட் டைப்' என்ற படியைக் கருவி தானாகவே சேர்த்து, அன்றைக்கு இருந்த எல்லாப் பெயர்களையும் அதில் பதித்து வைத்திருக்கும். உங்களுக்குத் தேவையே இல்லாத நெடுவரிசையின் பெயர் மாறினாலும் வேலை அங்கே நின்றுபோகும்.

அந்தப் படியை நீக்கிவிட்டு, தேவையான நெடுவரிசைகளை மட்டும் தேர்ந்து, பெயர்களைச் சீராக்கி, கடைசியில் தரவு வகையைக் குறிப்பதே சரியான வரிசை. நெடுவரிசைகளைத் தேர்தல், நீக்குதல், பெயர் மாற்றுதல் ஆகிய சார்புகளுக்குக் கடைசி அளவுருவாக 'மிஸ்ஸிங்ஃபீல்ட்.இக்னோர்' கொடுத்தால், இல்லாத பெயரைக் கண்டு நிற்காது. இருந்தாலும் அதை விருப்பத் தேவையான நெடுவரிசைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கட்டாயமானவற்றுக்கு இட்டால், இந்த அறிகுறி மறைந்து அடுத்த அறிகுறி முளைக்கும்.

கூடுதலாக ஒன்று: சிஎஸ்வியைப் படிக்கும் முதல் படியில் 'காலம்ஸ்' என்ற அளவுரு ஓர் எண்ணோடு இருக்கும். அனுப்புபவர் புதிதாகச் சேர்த்த நெடுவரிசை எவ்வளவு தேடியும் வராமல் போனால், அந்த எண்ணுக்கு மேற்பட்டவை வெட்டப்படுகின்றன என்று அறியலாம். அந்த அளவுருவை நீக்கிவிட்டால் தீர்ந்தது.

## அறிகுறி 3: பிழை இல்லை, ஆனால் ஒரு நெடுவரிசை வெறுமையாக இருக்கிறது

எங்கோ ஓரிடத்தில் 'இல்லாவிட்டால் பரவாயில்லை' என்று சொல்லப்பட்டிருக்கிறது. பாண்டாஸில் 'ரீநேம்' இல்லாத பெயரைக் கண்டால் வழக்கமாக ஒன்றும் சொல்லாது. அடுத்து வரும் 'ரீஇண்டெக்ஸ்' இல்லாத நெடுவரிசையை வெற்று மதிப்புகளோடு உருவாக்கிவிடும். இந்த இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், பெயர் மாறிய நாளிலிருந்து வெறுமைதான் தரவுத்தளத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். 'ரீநேம்' சார்புக்கு 'எரர்ஸ்' அளவுருவை 'ரெய்ஸ்' என்று மாற்றினால் அது உடனே நின்று பெயரைச் சொல்லும்.

### பல கோப்புகளைச் சேர்த்த பிறகு பாதி வெறுமையாக இருந்தால்

பாண்டாஸின் 'கான்கேட்' பெயர் வேறுபட்டால் இரண்டு நெடுவரிசைகளையும் வைத்துக்கொள்ளும்: பழைய கோப்புகளின் வரிசைகளில் ஒன்று நிறைந்திருக்கும், புதிய கோப்புகளின் வரிசைகளில் மற்றொன்று நிறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவதால் இது பரவாயில்லை. பவர் கொயரியில் ஒரு கோப்புறையிலுள்ள கோப்புகளைச் சேர்க்கும்போது நடப்பது மோசமானது. மாதிரிக் கோப்பில் உள்ள நெடுவரிசைகளின் பெயர்களையே அது எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும். வேறு பெயரில் வந்தவை தடயமின்றி விடுபட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கோப்புக்கும் அந்த நெடுவரிசையில் எத்தனை வெற்று மதிப்புகள் உள்ளன என்று கோப்பின் பெயர் வாரியாக எண்ணுங்கள். ஒரு தேதிக்குப் பிறகு எல்லாமே வெறுமையாக இருந்தால், பெயர் மாறிய நாள் அதுதான். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு கோப்பிலும் பெயரைச் சீராக்குவதே தீர்வு. சேர்த்த பிறகு ஒட்டுப்போடுவது நிலைக்காது.

## அறிகுறி 4: பிழை இல்லை, வெறுமையும் இல்லை, மதிப்புகள் இடம் மாறியிருக்கின்றன

இந்தப் பட்டியலில் மிகுந்த சேதம் விளைவிப்பது இதுதான். எங்கோ பெயரை விட்டுவிட்டு வரிசை இடத்தை நம்பி எழுதப்பட்டிருக்கிறது. பெயர் மாற்றத்தால் தொல்லைப்பட்ட ஒருவர், "பெயரே வேண்டாம், மூன்றாவது நெடுவரிசை என்று எழுதிவிடலாம்" என்று செய்த குறுக்குவழியும் பல இடங்களில் காரணமாக இருக்கும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் பெயர் வந்தால் தரவு வகையே காட்டிக்கொடுக்கும். மொத்தத் தொகையும் நிகரத் தொகையும் இடம் மாறினால் எந்தக் கருவியும் வாய் திறக்காது.

இடத்தை நம்பும் இடங்கள் எவை என்று தேடுங்கள். எக்செலின் 'விலுக்அப்' சார்பு நெடுவரிசை எண்ணைக் கொண்டு இயங்குவது. நடுவில் ஒன்று சேர்ந்தாலே வேறு மதிப்பை எடுத்து வரும். 'எக்ஸ்லுக்அப்' சார்பையோ, தலைப்பைத் தேடும் 'மேட்ச்' சார்போடு 'இண்டெக்ஸ்' சார்பையோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் 'யூனியன் ஆல்' இடத்தைப் பார்த்தே சேர்க்கும். பெயர்களை முதல் வினவலிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 'லோட் டேட்டா' தலைப்பு வரியைத் தாண்டிப் போகச் செய்யலாமே தவிர, அதைப் படித்துப் பொருத்தாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 'காப்பி' கட்டளையும் வழக்கமாகத் தலைப்பு வரியைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் 2022இல் வெளிவந்த 15 ஆம் பதிப்பிலிருந்து 'ஹெடர் மேட்ச்' என்று கேட்டால் பெயர்களும் வரிசையும் பொருந்தாதபோது ஏற்ற மறுத்துவிடும். அந்தப் பதிப்பு வைத்திருந்தும் இதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சேதம் எவ்வளவு என்று பார்க்க மதிப்புகளுக்கிடையே உள்ள உறவைச் சோதியுங்கள். பிடித்தம் போக மிஞ்சுவதே நிகரத் தொகை என்றால் அது மொத்தத் தொகையை மிஞ்சக் கூடாது. முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு தொகை நெடுவரிசையின் கூட்டுத்தொகையும் அனுப்புபவர் தரும் கூட்டுத்தொகையோடு ஒத்துவர வேண்டும். எந்தக் கோப்பிலிருந்து சோதனை தவறுகிறதோ, அங்கிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றிய தரவைக் கொண்டு ஏற்கெனவே பணம் கொடுக்கப்பட்டிருந்தால் அல்லது அறிக்கை வெளியே போயிருந்தால், நீங்களாகத் திருத்தத் தொடங்காமல் கடைசிப் பகுதிக்குச் செல்லுங்கள்.

## அறிகுறி 5: ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது, அல்லது பெயருக்கு வால் முளைத்திருக்கிறது

பெயருக்குப் பின்னால் '.1' என்று வந்தால், கோப்பில் அந்தப் பெயர் இருமுறை இருக்கிறது. பாண்டாஸ் இரண்டாவதற்கு வால் ஒட்டியிருக்கிறது. மூலக் கோப்பு எக்செல் என்றால் இரண்டு வரித் தலைப்பாக இருக்கலாம்: மேல் வரியில் 'முதல் காலாண்டு', 'இரண்டாம் காலாண்டு' என்ற இணைத்த கட்டங்கள், கீழ் வரியில் இரண்டுக்கும் 'அளவு', 'தொகை'. இணைத்த கட்டத்தில் மதிப்பு இடது மேல் மூலையில் மட்டுமே இருக்கும், மற்றவை வெறுமையானவை. மேல் வரியை வலப்பக்கமாக நிரப்பி, இரண்டு வரிகளையும் சேர்த்து ஒரே பெயராக்கினால் தனித்தன்மை கிடைத்துவிடும்.

கோப்பில் பெயர்கள் வேறாக இருந்தும் தரவுத்தளம் 'இரட்டைப் பெயர்' என்று மறுத்தால், நீள வரம்பைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் பெயர்களை 63 பைட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாது; யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட் வேண்டும் என்பதால், மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் உட்பட 21 குறிகளிலேயே இடம் முடிந்துவிடும். 'வாடிக்கையாளர் தொடர்பு எண்', 'வாடிக்கையாளர் தொடர்பு முகவரி' என்ற இரண்டும் கடைசிச் சொல் வெட்டுப்பட்டு ஒன்றாகிவிடுவது இப்படித்தான். தரவுத்தளத்துக்குள் குறுகிய உள்பெயர்களை வைத்துக்கொண்டு, நீண்ட பெயர்களை அறிக்கையில் மட்டும் காட்டுங்கள்.

## அறிகுறி 6: ஒவ்வொரு மாதமும் பெயர் மாறுகிறது

'ஏப்ரல் விற்பனை', 'மே விற்பனை' என்று தலைப்பிலேயே காலம் இருந்தால், அது பெயரன்று, தரவு. மாதம்தோறும் நிரலைத் திருத்துவதை நிறுத்திவிட்டு, நெடுவரிசைகளை வரிசைகளாகத் திருப்புங்கள். பாண்டாஸில் 'மெல்ட்', பவர் கொயரியில் 'அன்பிவட் அதர் காலம்ஸ்' இதைச் செய்யும். பின்னதில் மாறாத நெடுவரிசைகளைத் தேர்ந்துவிட்டு மற்றவை எல்லாவற்றையும் திருப்பச் சொல்வதால் புதிய மாதம் தானாக வந்து சேரும். எக்செலில் தலைப்புக் கட்டம் தேதியாக இருந்தால் பாண்டாஸ் அதை உரையாகத் தராது, தேதியாகவே தரும். உரையோடு ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்று திகைக்க வேண்டாம்.

## அதே கோளாறு மீண்டும் வராதிருக்க

மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்றை நிரலுக்கு வெளியே, தனி அட்டவணையாக வையுங்கள். அனுப்புபவர் யார், அவரிடமிருந்து வந்த பெயர், நாம் வழங்கும் உள்பெயர், எந்தத் தேதியிலிருந்து, யார் உறுதிசெய்தது ஆகிய ஐந்து விவரங்கள் போதும். அனுப்புபவர் என்ற விவரத்தை விட்டுவிடாதீர்கள்: ஒருவருக்கு 'எண்' என்பது வாடிக்கையாளர் எண், மற்றொருவருக்கு விலைப்பட்டியல் எண்.

கோப்பு வந்ததும் தலைப்புகளை என்எஃப்சி வடிவுக்கு மாற்றி, தெரியாத எழுத்துகளை நீக்கி, இடைவெளிகளை ஒன்றாக்கி, ஆங்கில எழுத்துகளைச் சிறியவையாக்கி, பிறகு பட்டியலில் தேட வேண்டும். கட்டாயமான உள்பெயர் ஒன்றுக்குப் பொருத்தம் கிடைக்காவிட்டாலும், ஒரே உள்பெயருக்கு இரண்டு நெடுவரிசைகள் பொருந்தினாலும், ஒரு வரிசையைக்கூட ஏற்றாமல் நிற்க வேண்டும்; நிற்கும்போது எதிர்பார்த்த பெயர்களையும் வந்த பெயர்களையும் பக்கம்பக்கமாகச் சொல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத கூடுதல் நெடுவரிசைகளைப் பதிவேட்டில் எழுதிவிட்டு மேலே செல்லலாம். பட்டியலைத் திருத்துபவர் நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, தரவின் பொருள் தெரிந்தவராக இருந்தால் போதும்.

## எப்போது வல்லுநரிடம் ஒப்படைப்பது

தவறாக ஏற்றிய தரவு பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்தில் கலந்து, அதன்மேல் வேறு பதிவுகளும் எழுந்துவிட்டால் தரவுத்தள நிர்வாகியை அழையுங்கள். காப்பு நகலிலிருந்து எதை மீட்பது, எதை விடுவது என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. அனுப்புபவரின் மென்பொருள் பதிப்பு மாறி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர்கள் வந்தால், உங்கள் பக்கத்தில் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு அவர்களது தொழில்நுட்பக் குழுவிடம் நிலையான வடிவத்தைக் கேட்க வேண்டும். சம்பளம், கணக்கு, மருத்துவம் சார்ந்த தரவில் 4 ஆம் அறிகுறி தென்பட்டால், அளவு சிறிதாக இருந்தாலும் தானாக ஓடும் இறக்குமதியை நிறுத்திவிட்டு அன்றே சொல்லுங்கள்.

ஒப்படைக்கும்போது திறக்கப்படாத மூலக் கோப்பு, கடைசியாகச் சரியாக ஓடிய கோப்பு, பிழைச் செய்தியின் முழு உரை, நீங்கள் இதுவரை செய்த சோதனைகளின் முடிவு ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். பிழைச் செய்தியைத் திரையின் படமாக அல்லாமல் உரையாகவே நகலெடுத்துக் கொடுங்கள். 160 ஆம் எழுத்தும் 8203 ஆம் எழுத்தும் படத்தில் தெரியாது.